மூன்றெழுத்துகளின் பொருள்: ஸ்பானிய மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலமாக்குதல் பற்றிய ஒரு நோக்கு

மொழிபெயர்ப்புப் பற்றி நம்மிடையே நிகழ்ந்துவந்த விவாதங்கள் பெரும்பாலும் இலக்கியத்தையும் பாடநூலையுமே சுற்றி நின்றுள்ளன. முன்னதில் நயமும் பின்னதிற் கலைச்சொல்லும் முதன்மை பெற்றன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கொண்டுவர மேற்கொண்ட பெருமுயற்சியும் நூல் சார்ந்ததே. நூலாசிரியன் தன் வாசகனை நேரில் அறியான். ஆதலால் எதனையும் விரித்துக் கூறுகிறான். நோயாளியின் கட்டிலருகே எழுதப்படும் குறிப்பு அத்தகையதன்று. அதனை எழுதும் வைத்தியர், அடுத்த முறைக்கு வரும் தம் சகாவுக்காகவே எழுதுகிறார். இருவருக்கும் பொதுவான அறிவு எழுத்திற் பதியப்படுவதில்லை. இரண்டு அல்லது மூன்று முதலெழுத்துகளாகச் சுருங்கிவிடுகிறது. அக்குறிப்பு வேற்று மொழிக்குச் செல்ல நேரும்போது எழுத்துகள் செல்கின்றன. பொது அறிவு பின்தங்கிவிடுகிறது.

இச்சிக்கல் ஸ்பானியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே எழுவது தற்செயலன்று. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டிலே ஸ்பானியம் பேசுவோர் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர். மெக்சிக்கோவிலோ குவாத்தமாலாவிலோ சிகிச்சை பெற்ற தொழிலாளி, மடித்து வைத்த தாளொன்றுடன் வடக்கே வந்து மற்றொரு வைத்தியரிடம் அதனை நீட்டுகிறான். மறுபுறத்தில், ஸ்பெயினின் கடற்கரையில் நோயுறும் ஆங்கிலேய உல்லாசப் பயணியின் வைத்தியசாலை அறிக்கையும் ஆங்கிலமாக வேண்டியிருக்கிறது. பின்னவருக்குக் காப்புறுதி நிறுவனம் மொழிபெயர்ப்புக் கூலி கொடுக்கக்கூடும். முன்னவனுக்குப் பல சமயங்களில் அவனது பள்ளி செல்லும் மகளே மொழிபெயர்ப்பாளர். எழுத்துச் சுருக்கத்தின் விளக்கமின்மை எல்லோரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை என்பதை முதலிலேயே மனங்கொள்ள வேண்டும்.

சுருக்கங்களை ஆங்கில எழுத்துப் பெயர்களாலேயே இங்கு குறிப்பிடுகிறேன். ஸ்பெயினின் வைத்தியர் ஐ.ரீ.யூ. என எழுதினால் அது சிறுநீர்வழித் தொற்று. ஆங்கிலத்தில் இதே நோய் யூ.ரீ.ஐ. ஆகும். ஸ்பானியத்திற் பெயர் முன்னும் அடை பின்னும் வர, ஆங்கிலத்தில் தமிழிற்போல அடை முன்வருவதால் எழுத்துகள் தலைகீழாகின்றன. இதுவரை இடரில்லை. ஆனால் ஆர்ஜென்ரீனாவிலும் மெக்சிக்கோவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவை யூ.ரீ.ஐ. எனச் சுருக்குவதுண்டு. பிரித்தானிய ஆங்கிலத்தில் அதே பிரிவு ஐ.ரீ.யூ. எனப்படுகிறது. எனவே எழுத்துகளை மாற்றாது பெயர்த்தெழுதுபவர் தொற்றுற்றவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடத்தலாம். தீவிர சிகிச்சையில் இருந்தவருக்கு வெறும் சிறுநீர்த் தொற்றே இருந்ததெனக் கூறிவிடலாம். இரு மொழியினரும் இவ்வெழுத்துகளைத் தமக்குரியனவாகவே காண்பதால் இருவருக்கும் ஐயம் எழாது. தெரியாத சுருக்கத்தைக் கண்டவன் அகராதியைத் தேடுவான். தெரிந்ததுபோல் தோன்றும் சுருக்கத்தைக் கண்டவன் தேடமாட்டான். ஐ.கியூ. என்பது ஸ்பானியக் குறிப்பிலே முன்னர் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை. ஆங்கில வாசகர் கண்ணில் அது நுண்மதி ஈவு. ஆர்.என். அங்கே புதிதாய்ப் பிறந்த சிசு, இங்கே பதிவுபெற்ற தாதி. ஆர்.எக்ஸ். அங்கே எக்ஸ் கதிர்ப் படம், இங்கே மருந்துச் சீட்டு.

ஒரே மொழிக்குள்ளேயே பொருள் பலவாகும் சுருக்கங்கள் வேறொரு பிரச்சினையைத் தோற்றுவிக்கின்றன. ஸ்பானியத்தில் ஏ.பி. என்பதற்கு நோயாளியின் கடந்தகால நோய் வரலாறு, நெஞ்சிற் குழல் வைத்துச் சுவாச ஒலி கேட்டல், நோயுற்ற இழையத்தின் ஆய்வு, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு எனப் பல பொருள்கள் உள. ஆயினும் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் இங்கே பெரும்பாலும் தடுமாறுவதில்லை. அறிக்கையின் தலைப்பகுதியில் வந்து, அதன்பின் பழைய நோய்களின் பட்டியல் தொடர்ந்தால் முதற்பொருள். இதய ஒலி பற்றிய ஏ.சி. என்னும் சுருக்கத்தை அடுத்து வந்தால் இரண்டாவது. உயிர்த்திசுச் சோதனையைத் தொடர்ந்து வந்தால் மூன்றாவது. குறிப்பின் வைப்புமுறையே அதன் இலக்கணம். வாக்கியமே இல்லாத எழுத்தில் இடம் வேற்றுமையுருபின் வேலையைச் செய்கிறது. அகராதிகள் உணர்த்தாதது இதுவே.

அகராதிகளைக் குறைகூறுவது என் எண்ணமன்று. ஸ்பெயினின் சுகாதார அமைச்சு வெளியிட்ட, யெத்தானோவும் அல்பெரோலாவும் தொகுத்த சுருக்க அகராதி அரிய உழைப்பின் விளைவு. மருத்துவரும் மொழிபெயர்ப்பாளருமான பெர்னாந்தோ நவாரோ தொகுத்துவந்துள்ள திரட்டு அதனினும் விரிவானது. எனினும் முன்னது வைத்தியசாலையை விட்டு நீங்குவோரின் நோய்களை எண்குறிகளாக வகைப்படுத்தும் தேவையோடு தொடர்புற்று எழுந்தது என்பதை மறத்தலாகாது. தொகுப்பு விரிய விரிய ஒரு சுருக்கத்துக்குரிய பொருள்களும் பெருகும். நிறைவான அகராதி ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்க்கவும் கூடும். தேர்வு மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

தேர்வு இயலாத இடங்களும் உண்டு. இ.எம். என்பது ஸ்பானியத்தில் இதயத்தின் ஈரிதழ் வால்வு ஒடுங்குதலையும் குறிக்கும், மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயையும் குறிக்கும். ஆங்கிலத்தில் எம்.எஸ். என்ற சுருக்கமும் இவ்விரண்டையுமே குறிப்பது வியப்புக்குரிய ஒற்றுமை. (சகரத்தோடு மெய்யெழுத்து மயங்கிச் சொன்முதலில் வருவதை ஸ்பானியம் ஏலாது, முன்னே ஓர் எகரத்தை இட்டுக்கொள்ளும். மொழிமுதன் மெய்யை ஏற்காத தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) இ.எம். என்பதை எம்.எஸ். எனப் பெயர்த்தால் மூலத்தின் இருபொருளும் சிதையாது நிற்குமே எனச் சிலர் கருதலாம். கவிதை மொழிபெயர்ப்பாயின் இதனைப் பாராட்டலாம். இங்கே அது பொறுப்பைத் தட்டிக்கழித்தலாகும். மூல வாசகருக்கு அவ்வெழுத்துகள் இருபொருளுடையனவல்ல. நோயாளி அவர் முன்னேயே கிடந்தார். ஐயம் மொழிபெயர்ப்பின்போது பிறந்தது. அதனை மறைத்துக் கையளிப்பது விசுவாசமாகாது. மேலும் எம்.எஸ். என்பது மோர்பின் சல்பேற்றையும் மக்னீசியம் சல்பேற்றையும் குழப்புவதால், ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணைக்குழு 2004இல் அதனைப் பயன்படுத்தலாகாத சுருக்கங்களின் பட்டியலிற் சேர்த்தது. குறிப்பில் இதய முணுமுணுப்போ, நோயின் மறுதாக்கமோ பேசப்பட்டிருந்தால் அதனைக்கொண்டு விரித்தெழுதுதல் வேண்டும். அவ்வாறான தடயமில்லையெனில் மூல எழுத்துகளை அப்படியே நிறுத்தி, சாத்தியமான இரு பொருள்களையும் பகர அடைப்புக்குள் எழுதி, எழுதியவரிடம் உறுதிசெய்க எனக் குறிப்பிடுவதே நேர்மையான வழி. நோயை நிர்ணயிப்பது மொழிபெயர்ப்பாளரின் தொழிலன்று.

ஆனால் மொழிபெயர்ப்பு இடையறாது ஓட வேண்டும், மொழிபெயர்ப்பாளரின் கைரேகை தெரியலாகாது என்ற கோட்பாடு சந்தைக்கு மிக உவப்பானது. அடைப்புக்குறிகள் மிகுந்த பிரதியை வாங்குவோர் குறைபாடுடையதென எண்ணுகின்றனர். கூலியும் சொல்லுக்கு இவ்வளவெனக் கணிக்கப்படுவதே பெருவழக்கு. ஒரு மணி நேரத் தேடலை வேண்டும் மூன்றெழுத்தும் ஒரு சொல்லாகவே எண்ணப்படும். இக்கணக்கில் ஐயுறுபவர் நட்டமடைவார். துணிந்து ஊகிப்பவர் பிழைப்பார். இயந்திர மொழிபெயர்ப்பின் சரளமும் இப்போக்குக்கே துணைநிற்கிறது. அது பெரும்பாலும் தன் ஊகத்தை ஊகமென்று காட்டுவதில்லை.

தெரிந்ததுபோல் தோன்றும் சொல் எத்துணைக் கொடியது என்பதற்கு 1980இல் புளோரிடாவில் நிகழ்ந்தது சான்று. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையிற் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தினர் கூறிய ‘இன்தொக்சிகாதோ’ என்ற சொல், கியூபா வழக்கில் உண்டதோ குடித்ததோ ஒவ்வாமற் போனதைக் குறிப்பது. அது போதையுற்றவர் எனக் கொள்ளப்பட்டது. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படவில்லை. மூளையில் ஏற்பட்ட குருதிப் பெருக்கு உரிய காலத்தில் அறியப்படாமையால் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. ஏறத்தாழ 7 கோடி 10 லட்சம் டொலர் இழப்பீடு பின்னர் இணங்கப்பட்டது. அங்கே முழுச்சொல்லே இவ்வாறு ஏமாற்றியது. முதலெழுத்துகள் ஏமாற்றுவதற்குக் கேட்பானேன்? இருந்தும், ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோர்க்கு மொழியுதவி கிடைக்கச் செய்யும் பொருட்டு 2000இல் பிறப்பிக்கப்பட்ட சனாதிபதி ஆணை, ஆங்கிலத்தை அரசகரும மொழியாக்கிய 2025ஆம் ஆண்டு ஆணையால் நீக்கப்பட்டது.

சட்டத்தாற் சுருக்கங்களை ஒழிக்கலாமா? மெக்சிக்கோ முயன்றுள்ளது. நோயாளர் பதிவேடு பற்றிய அந்நாட்டின் 2012ஆம் ஆண்டு விதி, குறிப்புகள் சுருக்கங்களின்றித் தெளிவான எழுத்தில் அமைதல் வேண்டும் எனப் பணிக்கிறது. சுருக்கங்கள் அதன் பின்னரும் வாழ்கின்றன. ஒரு முறைக்குள் அளவிறந்த நோயாளரைப் பார்க்க நேரும் இளம் வைத்தியருக்கு முழுச்சொல் எழுத அவகாசமில்லை. வேலைச் சுமையைத் தொடாமல் எழுத்தை மட்டும் திருத்த முனைந்த விதி அது. இதனிடையே வாசகர் தொகுதி மாறிவிட்டது. ஸ்பெயினின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் தம் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையை நோயாளிக்கு அளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2021 முதல் வைத்தியரின் மின்பதிவுக் குறிப்புகளை நோயாளர் தாமதமின்றிப் படிக்க இயலுகிறது. சகாவுக்காக மட்டும் எழுதப்பட்ட தாள் இன்று அதற்குரியவரின் கையிலே இருக்கிறது. அவருக்காக விரித்தெழுதும் முதல் ஆள் பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளரே.