படிவத்தில் வராத காடு

கோடையில் ஃபேர்லேண்ட்ஸ் மொட்டைமாடிகளில் ஜவ்வரிசி வடகம் காயும். ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சேகோ ஆலையைச் சொல்வோம், அதோடு நிறுத்திக்கொள்வோம். நிறுவன அறிக்கைகளும் பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றன.

பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும் என்பது செபியின் விதி. தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு அதில் என்ன வேலை? படிவமும் ஒரு பிரதிதானே. அதன் ஆறாம் கொள்கை சுற்றுச்சூழல் பற்றியது. தேசியப் பூங்கா, சரணாலயம், ஈரநிலம், காடு போன்ற இடங்களில் நிறுவனத்தின் ஆலையோ அலுவலகமோ உண்டா என்று கேட்கிறது. பொருள் தரும் பங்காளிகளில் எத்தனை விழுக்காட்டினர் சுற்றுச்சூழல் பாதிப்புக்காக மதிப்பிடப்பட்டனர் என்றும் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது அவரவர் விருப்பம். அந்த விழுக்காடும் வணிக மதிப்பை வைத்தே கணக்கிடப்படும். ‘மதிப்பிடப்பட்டனர்’ என்பது செயப்பாட்டுவினை. யார் மதிப்பிட்டார்கள், யாரிடம் கேட்டு? எழுவாயைக் காணோம்.

இந்தக் கேள்விகளோடு கொல்லிமலை ஏறிப் பார்க்கலாம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பலவற்றைக் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் ஆலைகளில் அதற்குக் காசு இருந்தது. அங்கே கிழங்கு ஜவ்வரிசியாகிறது; ஸ்டார்ச்சாகி நூலுக்குக் கஞ்சியாகவும் காகித ஆலைக்கும் போகிறது. காசுப்பயிர் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமையை உரலில் குத்திக் குத்திக் கை காய்த்தவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியம் அரைக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோனதற்கும் அந்த வலிதான் காரணம். ஆனால் விதையைத் தெரிந்தெடுத்துக் காத்தவளும் அவளே. பயிர் போனபோது அந்த அறிவும் சேர்ந்து போயிற்று. அதற்கு ரசீது இல்லை, ஆகவே வணிக மதிப்பும் இல்லை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தையும் காடு என்போம். படிவம் சொல்லும் காடு அது அல்ல.

நிலமெல்லாம் ஒரே பயிரானால் என்ன ஆகும் என்பதை மாவுப்பூச்சி காட்டியது. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பரவியது. அதன் இயற்கை எதிரியான அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஆலைக்குக் கிழங்கு வராது என்றானபோது அது எல்லோருக்கும் ஆபத்து ஆனது. சாமை போனபோது அப்படி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இயற்கை சார்ந்த நிதி வெளிப்பாட்டுக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2023இல் தந்த வழிமுறை இதைவிடப் பரவாயில்லை. தொழில் இயற்கையைத் தொடும் இடத்தை முதலில் கண்டுபிடி என்கிறது. உள்ளூர் மக்களோடும் பழங்குடிகளோடும் பேசச் சொல்கிறது. கட்டாயம் இல்லை.

இரண்டையும் வகுப்பில் வாசித்தோம். அந்த இடத்தில் இதற்குமுன் என்ன விளைந்தது, விதை யார் வீட்டில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளை மாணவிகள் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிச் சேர்த்தார்கள்.