சாவி யாரிடம் இருந்தது?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1984இல் டாம் கிரண்ட்னர் என்பவர் ஒரு ஆப்பிள் கணினியைத் தொலைபேசியோடு இணைத்துவைத்தார். மோடம் உள்ளவர் யாரும் அதை அழைத்து உடல்நலக் கேள்வி கேட்கலாம். ஒரு நாளுக்குள் மருத்துவர் பதில் எழுதிவிடுவார். குறும்பாக 'செயின்ட் சிலிக்கான் மருத்துவமனை' என்று பெயர். அதற்குக் கிடைத்த வரவேற்பில்தான் 1986இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் 'கிளீவ்லாந்து ஃப்ரீநெட்' பிறந்தது. மாணவரோ ஆசிரியரோ அல்லாத ஊர்க்காரரும் வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகக் கணினிக்குள் நுழையலாம், கட்டணமில்லை.

அதன் முகப்புப் பட்டியலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தபால் நிலையம், பொதுச் சதுக்கம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று ஒரு சிற்றூரையே வரிசைப்படுத்தியிருந்தார்கள். எண்ணைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். கணினிக் கட்டளை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 300 பாட் வேக மோடத்தில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வரும், ஒரு திரை நிரம்பவே ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அந்த நெருக்கடியில் வளவளப்புக்கு இடமேது?

இலவசம் என்பதைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அங்கே உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் மாதாந்திர நிலைக்கட்டணம்தான். (நம்மூரில் அப்போது உள்ளூர் அழைப்புகளும் எண்ணிக் கணக்கிடப்பட்டன.) ஆனால் நகரத்துக்கு வெளியே இருந்தவருக்கு அது நெடுந்தொலைவு அழைப்பு. உள்ளூர்க்காரருக்கும் மோடம் வாங்கப் பணம் வேண்டும், மாலை வேளையில் 'என்கேஜ்ட்' ஒலியைக் கேட்கப் பொறுமை வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இயந்திரமும் இடமும் பல்கலைக்கழகத்துடையவை, உழைப்பு தன்னார்வலர்களுடையது, பயனர்களுக்கோ எதிலும் உரிமையில்லை. இத்தகைய வலையமைப்புகளைப் பல ஊர்களில் வளர்க்கக் கிரண்ட்னர் தொடங்கிய தேசிய அமைப்பும் 1996இல் திவாலானது. 1999இல் பல்கலைக்கழகம் ஃப்ரீநெட்டை மூடியபோது, பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதிகளைக் கையாளாது என்பதைக் காரணம் காட்டியது. அது பொய்க் காரணமல்ல. ஆனால் வலைத்தளங்களும் வணிக இணையச் சேவைகளும் பெருகிவிட்ட பிறகு, பழைய மென்பொருளைச் செப்பனிடும் அக்கறை அங்கே எஞ்சியிருக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கனடாவின் ஒட்டாவாவில், கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஃப்ரீநெட் வேறு வழியில் போனது. அது உறுப்பினர்களின் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவாயிற்று. உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தனர். டயல்-அப் காலம் மறையத் தொடங்கியதும் அகலப்பட்டை இணைப்பை விற்கத் தொடங்கி, அந்த வருமானத்தில் நிலைத்துக்கொண்டது.