துவைக்காத நீலம்

நெய்தபின் துவைக்காமலே தைத்த ரா டெனிமைத் தொட்டால் மொடமொடவென்றிருக்கும். நடந்தால் தொடையோடு தொடை உரசிச் சரசரக்கும். ஜப்பானின் கொஜிமாவில் பழைய நாடாத் தறிகளில் நெய்ததென்றால் நூலின் மேடுபள்ளம்கூட விரலுக்குத் தட்டுப்படும். கடையில் தொங்கும் மற்ற ஜீன்ஸ் மெத்தென்றிருப்பது, கல்லோடும் நொதியோடும் புரட்டித் துவைத்து அனுப்புவதால்தான். பல சமயம் தொடையையும் முழங்காலையும் தேய்த்து வெளுக்கவும் வைக்கிறார்கள். டெனிம் நெய்யும் முன்பே நூல்களைக் கயிறாகச் சேர்த்து இண்டிகோ சாயத்தில் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்குவார்கள். நிறம் மேலோடு நிற்கும், நூலின் நடு வெள்ளையாகவே இருக்கும். எனவே எந்த டெனிமும் உரசிய இடத்தில் வெளுக்கும். யார் உரசியது என்பதில்தான் வித்தியாசம். ஆலை போடும் வெளுப்பு யாரோ ஒரு சராசரி மனிதருக்கானது. குள்ளமானவர் போட்டால் முழங்கால் வெளுப்பு கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். ரா டெனிமிலோ முழங்காலுக்குப் பின்னே விழும் தேன்கூட்டுக் கோடுகள் போட்டிருப்பவர் உட்கார்ந்து எழுந்த கணக்குப்படியே விழுகின்றன. பர்ஸ் வைக்கும் பையில் அதன் சதுரம் தெளிகிறது.

இடுப்பை அறுக்கிறது, வெள்ளைச் சோபாவில் நீலம் ஒட்டுகிறது, முன்கூட்டிச் சுருக்காத துணி முதல் அலசலில் சுருங்குகிறது என்பார்கள். எல்லாம் நியாயமான புகார்கள். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் துவைக்கவே கூடாது என்பது ரசிகர்களின் வீண் பிடிவாதம். அழுக்கேறினால் நூல் நைந்துபோகும். உள்பக்கத்தைத் திருப்பிக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் காயப்போட்டால் சாயம் அவ்வளவாகப் போகாது.