நாதசுரம் ஊதிய ஜாஸ் கலைஞர்

சார்லி மரியானோவை (1923–2009) ஜாஸ் உலகம் சாக்ஸபோன் கலைஞராகவே அறியும். பாஸ்டனில் பிறந்தவர், பெர்க்லி இசைப்பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டு இசைத்தட்டில் அவருடைய ஆல்ட்டோ சாக்ஸபோன் கதறுவதைக் கேட்டவர் மறக்க மாட்டார். புல்லாங்குழலும் வாசித்தார். இவற்றோடு நம் நாதசுரமும் சேர்ந்தது.

அது அவர் காதில் விழுந்தது தஞ்சாவூரில் அல்ல. 1960களில் வேலைக்குப் போன மலேசியாவில். கடல் கடந்த தமிழர் வாத்தியத்தையும் கூடவே கொண்டுபோனதன் பலன் அது. பிறகு இந்தியா வந்தும் பயின்றார்.

பல வாத்தியம் வாசிப்பதே பெருமையா? இல்லை. பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 1983இல் அவர் வெளியிட்ட ‘ஜோதி’யில் நாதசுரம் இல்லை, சாக்ஸபோனும் குழலும்தான். ஆனால் ஆர். ஏ. ரமாமணியின் குரலைப் பின்தொடரும் சாக்ஸபோன், ஸ்வரத்தில் நேராக நின்றுவிடாமல் வளைந்து இறங்குகிறது. சீவாளி தந்த பாடம் அது என்றே என் காது சொல்கிறது. ஒன்றில் கற்றதை இன்னொன்றில் பேசவைப்பதே பல்வாத்தியத் திறமை.

சௌல்தாரியில் இருக்கும் நாமும் கடல் கடந்தவர்கள்தாம். நாதசுரத்தைக் கல்யாணத்துக்குன்னு ஒதுக்கி, அதையும் பென்டிரைவில் போட்டு முடிச்சிடுறோம். நம் பிள்ளைகளில் ஒருவராவது சீவாளியை உதட்டில் வைக்க வேண்டாமா? ஊதுகிறவர் ஊரில் இருந்தால்தானே, வழிப்போக்கன் ஒருவன் நின்று கேட்பான்!