தாழொலி, காது, சுவர்: சில குறிப்புகள்

1

பாட்டுக் கேட்கும் கருவியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். பாடலைப் பிரதியாக வாசிக்கிறோம். எழுதியவர், இசையமைத்தவர், முதல் போட்டவர் எல்லோரையும் விசாரணைக்கு உட்படுத்துகிறோம். கேட்பவனின் அறை மட்டும் விசாரணைக்கு வெளியே நிற்கிறது. மதுரை செல்லூரில், 12 அடிக்கு 10 அடி அறையில் இருக்கும் என் ஹை-ஃபை செட்டோடு போன வருசம் ஒரு சப்-ஊஃபரைச் சேர்த்தேன். அதன் விளைவாக எழுந்தவையே இக்குறிப்புகள்.

‘ஹை ஃபிடலிட்டி’ என்பதை ‘மிகுந்த விசுவாசம்’ என்று பெயர்க்கலாம். யாருக்கு விசுவாசம்? ‘மூல’ ஒலிக்கு என்கிறார்கள். அந்த மூலம் எங்கே இருக்கிறது? 1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. ஆனால் நம்மில் பலர் அவற்றைக் கேட்டது டீக்கடை ரேடியோவிலும் ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரிலும் கல்யாண வீட்டுக் குழாயிலும்தான். பல பிரதிகளில் வாழ்ந்த ஒன்றுக்கு ஒரு மூலத்தைக் கற்பித்து, அதைக் காசு கொடுத்து நெருங்கிவிடலாம் என்று நம்ப வைப்பதுதான் ஹை-ஃபை சொல்லாடலின் சாமர்த்தியம்.

இந்தச் சொல்லாடலுக்குள் ஒரு படிநிலையும் உண்டு. ‘தெளிவு’, ‘நுட்பம்’ எல்லாம் மேல். ‘பேஸ்’ கீழ். 4440 போர்டு போட்டு, பிளைவுட் பெட்டி அடித்து, அசெம்பிள் செட்டில் ஊஃபரை அதிரவிடும் ஆட்டோக்காரரைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. “கேக்கத் தெரியாதவன்தான் ஊஃபர் வைப்பான்” என்றார் ஒருவர், முற்போக்காளர்தான். ரசனை என்பது வர்க்கம் தன்னைப் பிரித்துக் காட்டும் ஏற்பாடு என்று 1979இல் பூர்தியு எழுதியதை எனக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

2

சப்-ஊஃபர் வந்த முதல் இரவு, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டதாகவே நினைத்தேன். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணை போவது மட்டுமல்ல. பாடுபவரோடு வாதாடுகிறது, சில இடங்களில் முந்திக்கொண்டு போகிறது. ‘இத்தனை வருசம் இது நம்மிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது’ என்று ஒரு கட்டுரைக்கான முதல் வரிகூட எழுதிவிட்டேன்.

அந்த வரி தவறு. பேஸ் கிடாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டீக்கடைப் பெட்டியின் நாலங்குல ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 123, 164, 205 ஆகியவற்றை ஓரளவு தரும். அவற்றுக்கிடையே உள்ள சீரான இடைவெளியிலிருந்து, வராத 41ஐச் சுருதியாகக் காதும் மூளையும் தாமே கட்டிக்கொள்கின்றன. ஒலியியலில் இதற்கு ‘விடுபட்ட அடிப்படை’ என்று பெயர். ஆகவே டீக்கடை பெஞ்சில் இருந்தவர் குறையாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. கருவி தராததை அவர் காது உழைத்துப் பெற்றது. எனக்கு ஊஃபர் புதிதாகக் கொடுத்தது சுருதியை அல்ல, நெஞ்சில் மோதும் அதிர்வை. இந்த வேறுபாட்டை விற்பனைப் பேச்சு மறைக்கிறது.

3

இன்னொரு கவர்ச்சியான சமன்பாடும் காத்திருக்கிறது: தாழொலி என்றால் தாழ்த்தப்பட்டோர் ஒலி; ஆகவே ஊஃபரைக் கூட்டுவதே கலகம். நானும் இதைக் கொஞ்ச நாள் நம்பினேன். ஆனால் பறையைத் தீயில் காய்ச்சுவது எதற்கு? தோல் இறுகி ஒலி கூர்மையாக எழும்ப. பறையின் அழைப்பு அந்தக் கூர்மையில் இருக்கிறது. மறுபக்கம், சபாக்களின் மரியாதைக்குரிய மிருதங்கத்திலோ இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பி ஒலியைத் தாழ்த்துகிறார்கள். அந்தத் தோலைப் பதப்படுத்திக் கட்டியவர்கள் யார், மேடையில் அவர்கள் எங்கே என்ற கேள்வியை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் எழுப்பினார்.

ஆக, சாதி ஹெர்ட்ஸில் இல்லை. யார் அடிக்க வேண்டும், யார் ஏவலில், யார் வீட்டுச் சாவுக்கு என்பதில் இருக்கிறது. அதனால்தான் இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற மறுப்பும், அரசரடி இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டுமே ஒலியைவிட, ஒலிக்க வைக்கும் உறவைக் குறிவைத்தன. ஊஃபரின் வால்யூமைத் திருகுவதில் அந்த உறவு எதுவும் மாறுவதில்லை.

4

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் அல்ல, பக்கத்து வீட்டு அக்கா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரித் துப்புரவு வேலை. காலையில் வந்து சமைத்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுப்பார். எங்கள் இரு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒருநாள் மத்தியானம் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, பாட்டுக் கேக்குறத நான் வேணாங்கல. ஆனா எங்க பக்கம் பாட்டு வரமாட்டேங்குதே. தொம்மு தொம்முன்னு அடி மட்டுந்தான் வருது. என்னா பாட்டுன்னாச்சும் தெரிஞ்சா நானும் சேந்து கேட்டுட்டுப் போவேன்.”

இதைவிடத் துல்லியமான ஒலியியல் விமர்சனத்தை நான் படித்ததில்லை. சுவர் ஒரு வடிகட்டி. அதிர்வெண் இரட்டிக்கும்தோறும் அது ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கிறது. குரலும் வயலினும் என் பக்கமே நின்றுவிட, அவருக்குப் போய்ச் சேர்ந்தது அர்த்தம் உரிக்கப்பட்ட அடி. ஒரே பாடல் சுவரின் இந்தப் பக்கம் இசை, அந்தப் பக்கம் இரைச்சல். எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதில் அதிகாரம் இருக்கிறது என்று ஜாக் அத்தாலி 1977இல் எழுதியதைப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் என்னை இரைச்சலின் பக்கம் நிற்பவனாகவே கற்பனை செய்துகொண்டேன்.

இன்னும் மோசம். 12 அடி அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கு இடையே நிலையலையாக நின்றுவிடும். நடு அறையில் அது ஏறக்குறைய மறையும். சுவரோரம் உச்சத்தில் இருக்கும். என் நாற்காலி நடுவில். பேஸ் பத்தவில்லை என்று நான் கூட்டிக்கொண்டே போனேன். உச்சம் விழுந்த சுவரில்தான் அந்தப் பக்கம் அவருடைய கட்டில். எனக்குக் குறையாகப்பட்டதும் அவருக்கு வதையானதும் ஒரே அலை.

சட்டம்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்கின்றன. ஆனால் அளப்பது ‘ஏ’ எடையிட்ட டெசிபெல்லில். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு ஆய்வின் வழிவந்தது அந்த அளவுகோல். மெல்லிய ஒலிகளில் காது தாழொலியை மந்தமாக உணர்வதைக் கணக்கில் கொண்டு, 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். அதாவது 85 டெசிபெல்லில் அதிரும் ஊஃபர், மீட்டரில் 55 என்று சமர்த்தாகக் காட்டும். அதோடு, பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. ராத்திரி வேலை பார்ப்பவரின் தூக்கம் இந்தக் கடிகாரத்தில் எங்கேயும் இல்லை. அவரது முறையீட்டை யாரும் மறுக்கவே வேண்டாம். அளக்கும் முறையே அதைக் கேட்காது.

5

ஊஃபரைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று முடித்தால் நன்றாக இருக்கும். அப்படிச் செய்யவில்லை. பெட்டியை என் நாற்காலியில் ஏற்றி வைத்து, பாட்டைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்து, எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறது என்று தேடினேன். பெட்டிக்கு இடம் பார்க்கும் பழைய வழி இது. மூலையை விட்டு நகர்த்தினேன், நாற்காலியையும் நடுவிலிருந்து பின்னுக்குத் தள்ளினேன். பாதி வால்யூமில் போதுமானது கிடைத்தது. பிறகு அக்கா வீட்டுக்குப் போய், அவர் கட்டில் பக்கம் நின்று, என் தம்பியைப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இப்போது அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, எட்டு மணியிலிருந்து பத்து வரை ஊஃபர். பகலில் அது அணைந்திருக்கும். இந்த நேரத்தை எந்த விதியும் தரவில்லை, இருவரும் பேசி வைத்துக்கொண்டது. இதை ஒரு தீர்வாக முன்வைக்கவில்லை. பேசி வைத்துக்கொள்ள முடிந்தது அவர் துணிந்து வாசலுக்கு வந்ததால். மீட்டரும் கேட்காமல், வாசலுக்கும் வர முடியாமல், சுவரோரம் படுத்திருப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? கேட்பது பற்றிய நம் கோட்பாடுகள் இனி அந்தக் கட்டிலிலிருந்து தொடங்கட்டும்.