தமிழுக்கு எழுத்து மூன்றா, ஐந்தா?

‘தமிழ்’ என்ற சொல்லை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகப் பிரிக்கச் சொன்னால் ஐந்து துண்டுகள் வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மலேசியாவின் சைபர்ஜெயாவில் அமர்ந்து தமிழ்ப் படிவம் ஒன்றை வடிவமைக்கும் நிரலருக்கு இது சின்னச் சங்கதி அல்ல. பெயர்ப் பெட்டியில் இருபது எழுத்துக்கு மேல் கூடாது என்று அவர் விதித்தால், நீளமான தமிழ்ப் பெயர் பாதியிலேயே வெட்டுப்படும்.

இந்தப் பிரிப்பைத் தீர்மானிப்பது சிம்பல்.இட்டரேட்டர். ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறையான எக்மாஸ்கிரிப்டின் ஆறாம் பதிப்பு, 2015 ஜூனில் வெளிவந்தபோது, இது உட்படப் பதினொரு உள்ளமைந்த சிம்பல்களைத் தந்தது. 2018, 2020 பதிப்புகள் ஒவ்வொன்றைச் சேர்த்தன. ஒரு பொருளைச் சுழற்சியில் எப்படிச் சுற்றிவருவது, எண்ணாகவோ சரமாகவோ எப்படி மாற்றுவது, அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பவற்றை நிரலரே இவற்றின் வழியாக மொழிக்குச் சொல்லலாம்.

இவை ஏன் தேவைப்பட்டன? பழைய இணையப் பக்கங்கள் உடையாமல் புதிய வசதி சேர்த்தாக வேண்டும் என்பது இம்மொழியின் தலைவிதி. சாதாரணப் பெயர் வைத்தால் யாரோ எங்கோ முன்பே வைத்த பெயரோடு அது மோதும். 2018இல் அணிகளுக்கு ‘ஃப்ளாட்டன்’ என்ற செயலைச் சேர்க்க முயன்றபோது, மூடூல்ஸ் என்ற பழைய நூலகத்தை நம்பிய தளம் பழுதானது. கடைசியில் பெயரே ‘ஃப்ளாட்’ என்று சுருங்கியது. ‘தென்’ என்ற செயலை வைத்திருக்கும் எந்தப் பொருளையும், பின்னர் வரவிருக்கும் விடையைக் குறிக்கும் பிராமிஸ், தன் இனம் என்று எண்ணிக்கொள்வதும் இதே நோய்தான். ஒவ்வொரு சிம்பலும் வேறெந்தப் பெயரோடும் ஒத்துப்போகாத தனி அடையாளம் என்பதால் அதற்கு இந்த ஆபத்து இல்லை. ஒரே பக்கத்துக்குள் இருக்கும் வேறு சட்டகங்களிலும் சிம்பல்.இட்டரேட்டர் ஒன்றேதான். பைத்தான் இதே வேலையை முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு இட்ட பெயர்களால் செய்கிறது. அங்கே காவல் நிற்பது வழக்கம் மட்டுமே. இங்கே மோதல் நிகழவே முடியாதபடி மொழியே தடுக்கிறது.

பலன் கண்கூடு. இட்டரேட்டர் ஒன்றை எழுதிவிட்டால் ஃபார்-ஆஃப் சுழற்சி, மூன்று புள்ளி விரிப்பு, மேப், செட், பிராமிஸ்.ஆல் எல்லாம் நம் பொருளையும் மொழியின் சொந்தப் பொருளைப் போலவே நடத்துகின்றன.

குறைகளும் சில்லறையல்ல. முதலாவது, பிழை சத்தமில்லாமல் நிகழ்கிறது. இட்டரேட்டர் என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் மொழி தடுக்காது. அப்படியொரு சிம்பல் இல்லாததால் ‘அன்டிஃபைன்ட்’ என்ற பெயரிலேயே ஒரு செயலை உண்டாக்கிவிட்டு நகர்ந்துவிடும். சுழற்சி வேறெங்கோ தடுக்கி விழும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, பொருளை எண்ணாகவோ சரமாகவோ மாற்றும் சிம்பல்.டுபிரிமிட்டிவ் காட்டும் ஆசை. ரிங்கிட் தொகை ஒரு பொருள், சிங்கப்பூர் டாலர் தொகை இன்னொரு பொருள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் எண்ணாக மாறக் கற்றுக்கொடுத்தால், நடுவில் + குறி போட்டதும் கூட்டுத்தொகை வந்துவிடும், எந்த நாணயம் என்ற தகவல் மட்டும் காணாமல் போயிருக்கும். + குறி கூட்டலுக்கும் சரம் ஒட்டவும் பொதுவானது என்பதால், பொருளுக்குக் கிடைக்கும் குறிப்பும் ‘இயல்பு’ என்பதுதான். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அதற்கே தெரியாது. சிம்பல்.ஹேஸ்இன்ஸ்டன்ஸ் இதற்கு ஒருபடி மேல்: இனம் கேட்கும் இன்ஸ்டன்ஸ்-ஆஃப் கேள்விக்கே பொய்ச் சான்று தர இடம் கொடுக்கிறது. புதிதாகப் பிறக்கும் பொருள் எந்த வகுப்பைச் சேர வேண்டும் என்று சொல்லும் சிம்பல்.ஸ்பீஷீஸ் பயனைவிடச் சுமையை அதிகம் தந்தது. உலாவி இயந்திரங்களின் வேகப் பாதைகளைச் சிக்கலாக்கியது, பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் வழிவிட்டது. அதை நீக்கலாமா என்று தரக்குழுவுக்குள்ளேயே முன்மொழிவு எழுந்தது.

நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் கோடு இங்கே தெரிகிறது. ‘உன் உறுப்புகள் எவை?’ என்பது பொருளுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி. அதற்குச் சிம்பல் பொருத்தமான வழி. +, இன்ஸ்டன்ஸ்-ஆஃப் போன்றவற்றுக்குப் படிப்பவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு; அதை மறைவில் மாற்றும் சிம்பல் படிப்பவரை ஏமாற்றுகிறது.

இந்த அளவுகோல் நம் ஐந்து துண்டுச் சிக்கலுக்கும் செல்லும். எல்லாச் சரங்களுக்கும் பொதுவான இட்டரேட்டரையே மாற்றி எழுதிவிடலாம், மொழி அனுமதிக்கும். செய்யக் கூடாது. விரித்தால் மூன்று, நீளம் கேட்டால் ஐந்து என்று ஒரே சொல் இரண்டு கணக்குக் காட்டும். பக்கத்தில் ஏற்றிய பிற நூலகங்களும் தடுமாறும். ‘தமிழ்ச்சரம்’ என்று தனி வகுப்பு எழுதி, அதன் இட்டரேட்டருக்குள், சரத்தை எழுத்தெல்லைகளில் பிரிக்கும் இன்ட்ல்.செக்மென்டரை அமர்த்துவதே முறை. த, மி, ழ் என மூன்று வரும். 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டதால் முதன்மை உலாவிகள் எல்லாவற்றிலும் அந்தக் கருவி உண்டு.

அதுவும் முழுத் தீர்வு அல்ல. ‘டான் ஸ்ரீ’ என்ற பட்டத்தைக் கொடுத்தால் ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிக்கும். ‘க்ஷ’வுக்கும் அதே கதி. இவற்றை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை எக்மாஸ்கிரிப்ட் குழு தீர்மானிக்கப் போவதில்லை. அது தமிழ் அறிந்தவர்களின் வேலை; அதற்கு முன்னோடிகளும் உண்டு. 1985இல் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியதும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் சைபர்ஜெயாவை அடுத்த கோலாலம்பூர் வட்டாரத்தில்தான். அன்றைய தலைமுறைக்கு எழுத்துருவும் குறிமுறையும் பெரும்பாடு. யூனிகோடு அதைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. எஞ்சியிருப்பது எழுத்தின் எல்லை. அந்த விதியைத் தமிழ் அறிந்தவர்கள் கூடி ஒருமுறை வகுத்து, திறந்த நூலகமாக வெளியிட வேண்டும். சிம்பல் அந்த விதியை மொழிக்குள் கொண்டுசேர்க்கும் வழி மட்டுமே. விதியை எழுதித் தராது.