வலை வழங்கியை நிறுவும் பாடம்: பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளை முன்வைத்து ஒரு விமர்சனம்

வலை வழங்கி என்பது, உலாவி கேட்கும் பக்கத்தை வலையமைப்பின் வழியே எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் ஆகும். அந்த மென்பொருள் இயங்கும் கணினிக்கும் அதே பெயர்தான். சேவையகம் என்றும் சொல்வர். ஆய்வகத்தில் சர்வர் என்பதே பேச்சு வழக்கு. பல கணினிகள் ஒரே நேரத்தில் கேட்கும் வேலைகளை ஏற்று, யாருக்கு எதைப் பார்க்க உரிமை உண்டு என்று தீர்மானித்து, வளங்களைப் பகிர்ந்தளிக்கும் இயக்குதளம் வலையமைப்பு இயக்குதளம் எனப்படும். ஒரு காலத்தில் நாவெல் நெட்வேர் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. இன்று விண்டோஸ் சர்வரும் லினக்ஸ் வகைகளும் அந்த இடத்தில் உள்ளன.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைப் பள்ளியிலேயே சந்திப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுப்பவர்கள். இவர்கள் பெரும்பாலும் வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்கள். அறிவியல் பிரிவினரின் கணினி அறிவியல் நூல் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது, பி.எச்.பி. மொழியும் வலை வழங்கியும் வணிகவியல் மாணவரின் நூலில் இருக்கின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளிலும் இதே நூல்தான். 2019ஆம் ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் வெளிவந்த அந்நூலின் வலை வழங்கிப் பகுதி எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் நிறைகள்

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடலாம். பதினேழு வயது மாணவருக்கு வழங்கிப்பக்க நிரலாக்கத்தைத் தமிழில் அறிமுகம் செய்யத் துணிந்தது நல்ல முடிவு. இலவச மென்பொருளான அப்பாச்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டதும் நல்லதே. 1995இல் வெளிவந்த அப்பாச்சி, மூல நிரல் திறந்த மென்பொருள்களுள் மிகப் பரவலானவற்றில் ஒன்று. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நிறுவும் படிகளை நூல் திரைப் படங்களுடன் காட்டுகிறது. அப்பாச்சியின் அமைவுக் கோப்பையும் பி.எச்.பி.யின் அமைவுக் கோப்பையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. வழங்கி என்பது ஏதோ மந்திரப் பெட்டி என்ற எண்ணம் போய், ஓர் உரைக் கோப்பைத் திருத்தி அதன் நடத்தையை மாற்றலாம் என்ற எண்ணம் வருவதற்கு இது போதுமான தொடக்கம்.

இதே நூலில் களப்பெயர் முறைமை, வலையமைப்பு வடமிடல், திறந்த மூலக் கருத்துகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. ஒரு வழங்கியை நடத்தத் தேவையான உறுப்புகள் எல்லாம் இரண்டு அட்டைகளுக்குள் இருக்கின்றன. குறை, அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதே.

பழைய படிகள்

நூல் அப்பாச்சியின் அதிகாரத் தளத்துக்குச் சென்று நிறுவு கோப்பைப் பதிவிறக்கச் சொல்கிறது. ஆனால் அப்பாச்சி அறக்கட்டளை இப்போது வெளியிடுவது மூல நிரலை மட்டுமே. விண்டோஸில் உடனே இயங்கும் வடிவத்தைப் பிறர் தொகுத்து வழங்குகின்றனர். வரவேற்புத் திரை, உரிம ஒப்புதல், நிர்வாகியின் மின்னஞ்சல் கேட்கும் திரை என்று நூல் காட்டும் வரிசை, அப்பாச்சி 2.2 வரையிலான பழைய விண்டோஸ் நிறுவியைச் சேர்ந்தது. 2.4 பதிப்பு 2012இலேயே வந்துவிட்டது, 2.2க்கான ஆதரவு 2017இல் முடிந்தது.

இதைச் சிறு பிழை என்று ஒதுக்க முடியாது. பெருநகர மாணவருக்கு வீட்டில் ஒரு மென்பொருள் ஊழியர் இருக்கலாம்; "அந்தத் திரை இப்போது இல்லை, இப்படிச் செய்" என்று அவர் சொல்லிவிடுவார். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ குடும்பத்தில் முதல் ஆளாகக் கணினியைத் தொடும் மாணவருக்கு நூல் மட்டுமே துணை. நூல் சொல்வது திரையில் இல்லையென்றால், தவறு தன்னுடையது என்றுதான் அவர் நினைப்பார். அதன்பின் படிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். வழங்கியை ஒருமுறைகூட நிறுவாமலே வழங்கி நிறுவும் வினாவுக்கு முழு மதிப்பெண் பெற முடியும் என்பதே இப்பாடத்தின் மிகப்பெரிய குறை.

லினக்ஸை அடித்தளமாகக் கொண்டிருந்தால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் வகையில் அப்பாச்சியை நிறுவ ஒரே ஒரு கட்டளை போதும். தேவையான பிற கோப்புகளும் தானாக வந்து சேரும், சேவையும் உடனே தொடங்கிவிடும். பதிப்பு எண் மாறினாலும் அந்தக் கட்டளை மாறுவதில்லை. நூல் பழசாகும் வேகமும் குறையும். அரசே கையில் கொடுத்த இயக்குதளத்தை அரசின் பாடநூல் பயன்படுத்தவில்லை.

தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுதல்

நிறுவிய பின் உலாவியில் 127.0.0.1 என்றோ லோக்கல்ஹோஸ்ட் என்றோ தட்டச்சு செய்து சோதிக்கச் சொல்கிறது நூல். வெற்றிச் செய்தி வந்தால் பாடம் முடிந்தது. ஆனால் 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னையே குறிக்கும் முகவரி. தன் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தானே தட்டிப் பார்ப்பதற்கு அது சமம். அடுத்த மேசையில் உள்ள கணினியிலிருந்து அந்தப் பக்கம் திறக்கிறதா என்பதே வலையமைப்பின் உண்மையான சோதனை.

அங்கேதான் பாடம் தொடங்கவும் வேண்டும். அடுத்த கணினியிலிருந்து திறந்தால் பெரும்பாலும் முதல்முறை திறக்காது. விண்டோஸின் தீச்சுவர் 80ஆம் எண் போர்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் கோரிக்கையைத் தடுத்திருக்கும். சில கணினிகளில் வேறொரு நிரல் முன்பே அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும். அப்போது அப்பாச்சி தொடங்கவே தொடங்காது. லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க நிர்வாகி உரிமை தேவை. அப்பாச்சி அந்த உரிமையுடன் தொடங்கிப் போர்ட்டைத் திறந்துகொண்டு, கோரிக்கைகளுக்குப் பதில் தரும் வேலையை உரிமை குறைந்த வேறொரு பயனரின் பெயரில் செய்கிறது. யாராவது வழங்கிக்குள் ஊடுருவினாலும் முழுக் கணினியும் அவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. வலையமைப்பு இயக்குதளம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. லோக்கல்ஹோஸ்டோடு நின்றுவிடும் பாடத்தில் இதற்கு இடமில்லை.

களப்பெயர்ப் பாடத்துக்கும் இங்கேதான் உயிர் வரும். அரியலூர் மாவட்டம் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது; 2002இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டது; 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. இந்த ஏழு ஆண்டுகளில் ஊர் எதுவும் இடம் பெயரவில்லை. எந்தப் பெயரின் கீழ் எந்த ஊர் என்ற பதிவுதான் மாறிக்கொண்டிருந்தது. களப்பெயரும் எண் முகவரியும் அப்படியே. பெயரை வேறு எண்ணுக்கு மாற்றலாம். ஒரே எண்ணில் பல பெயர்களை வைக்கலாம். இதை இரு மாவட்டத்து மாணவரும் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்வர்.

பழுது பார்த்தல் என்னும் விடுபட்ட பாதி

நிறுவுதல் ஒரு நாள் வேலை. நடத்துதல் ஒவ்வொரு நாளும் உள்ள வேலை. உலகின் முதல் வலை வழங்கி, 1990இன் இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினியில் ஓடியது. இது வழங்கி, அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதிய தாள் ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியை நடத்துவதன் முதல் விதி அந்தத் தாளிலேயே உள்ளது. மின்தடை வந்தால் என்ன ஆகும், கணினி மீண்டும் ஓடத் தொடங்கியதும் சேவை தானே தொடங்குமா என்பன நம் ஊர்களில் முதலில் எழும் கேள்விகள்.

அடுத்தது பதிவேடு. யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார், என்ன பதில் போனது என்பதை அணுகல் பதிவேட்டிலும், எங்கே தவறியது என்பதைப் பிழைப் பதிவேட்டிலும் அப்பாச்சி எழுதி வைக்கிறது. 404 என்றால் கேட்ட கோப்பு இல்லை. 403 என்றால் வழங்கி தர மறுக்கிறது; பெரும்பாலும் கோப்பின் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். 500 என்றால் உள்ளே ஏதோ பிழை. பிழைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் பிரித்தறியத் தெரிந்த மாணவர் எந்த வழங்கிக்கு முன்னும் திகைத்து நிற்க மாட்டார்.

தமிழில் பக்கம் எழுதுவோருக்கு இன்னொன்றும் தேவை. பக்கம் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று வழங்கி தன் தலைப்பில் சொன்னால், பக்கத்துக்குள் எழுதியதைவிட உலாவி வழங்கியின் சொல்லையே நம்பும். வழங்கி தவறாகச் சொன்னால், யூனிகோடில் சரியாக எழுதிய தமிழும் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். ஆங்கிலப் பக்கத்தில் இந்தப் பழுது அநேகமாகத் தெரியாது. தமிழ்வழி மாணவருக்கான நூல் அவசியம் சொல்ல வேண்டிய செய்தி இது.

எதிர்வாதங்கள்

இவ்வளவும் பள்ளிக்கு எதற்கு என்று கேட்கலாம். இரு மாவட்டங்களின் அதிகாரபூர்வத் தளங்களும் ஆட்சியர் அலுவலகக் கணினியில் இயங்கவில்லை. தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்கென அமைத்த எஸ்3வாஸ் என்னும் பொது மேடையில் இயங்குகின்றன. உள்ளூரில் உள்ளடக்கத்தை இட்டால் போதும். பாதுகாப்பையும் புதுப்பித்தலையும் மேடை பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு சரியானதே. மாவட்டந்தோறும் தனி வழங்கி வைத்து, பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் விடுவதைவிட இது பாதுகாப்பானது. ஆனால் வழங்கிகள் ஓரிடத்தில் குவியக் குவிய, அதை அருகிலிருந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பு மாவட்டங்களில் இல்லாமல் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்டக்கூடிய இடம் பள்ளி ஆய்வகம் ஒன்றுதான். மேகக் கணிமையில் வேலைக்குச் செல்பவருக்கும் தொலைவிலுள்ள கணினியில் கிடைப்பது இதே போர்ட், இதே உரிமை, இதே பதிவேடுதான்.

நேரமில்லை, ஆய்வகக் கணினி கெட்டுவிடும் என்பது ஆசிரியர்கள் தரப்பு. இதில் நியாயம் உண்டு. பொதுத் தேர்வு எழுத்தையே அளக்கிறது. ஆய்வகப் பொருள்களுக்குக் கணக்கு காட்ட வேண்டிய பொறுப்பு ஆசிரியருடையது. ஆகவே குறையை அவர்கள்மேல் ஏற்றுவது சரியாகாது. வசதி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாநிலத்தின் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டு அமைக்கப்பட்டன. அக்கணினிகளைத் தொட வேண்டாம் என்றால், பழைய மடிக்கணினிகள் இரண்டும் ஒரு வடமும் போதும்.

செய்யக்கூடியது

நூலின் அடுத்த திருத்தத்தில் திரைப் படங்கள் நிறைந்த பக்கங்களைக் குறைத்து, இரண்டு பாடவேளைக்கான ஒரு செய்முறையைச் சேர்க்கலாம். வடமிடல் பாடத்தில் செய்த வடத்தால் இரண்டு கணினிகளை இணைக்க வேண்டும். ஒன்றில் பாஸ் அல்லது வேறு லினக்ஸில் அப்பாச்சியை நிறுவ வேண்டும். சாத்தனூர் கல்மரம், கரைவெட்டி ஏரி, கங்கைகொண்ட சோழபுரம் என்று தம் ஊர்ப் பக்கம் உள்ள ஒன்றைப் பற்றிப் பத்து வரியில் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்து, மற்றக் கணினியிலிருந்து எண் முகவரியால் திறக்க வேண்டும். பின் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். இறுதியில் ஆசிரியர் மூன்று பழுதுகளைத் தாமே உண்டாக்க வேண்டும்: சேவையை நிறுத்துவது, கோப்பின் உரிமையை நீக்குவது, கோப்பின் பெயரை மாற்றுவது. மாணவர் பதிவேட்டைப் பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும்.

முதல் பழுதில் பதிவேட்டில் கோரிக்கை எதுவும் விழாது. இரண்டாவதில் 403, மூன்றாவதில் 404 விழும். வழங்கி இல்லாமல் போவதற்கும், வழங்கி இருந்தும் மறுப்பதற்கும், வழங்கி தேடியும் கிடைக்காததற்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றில் தெரிந்துவிடும். தேர்வு வினாவையும் இதற்கேற்ப மாற்றலாம். நிறுவும் படிகளை எழுதுக என்பதற்குப் பதில், ஒரு பதிவேட்டின் மூன்று வரிகளைக் கொடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேட்கலாம். அந்த வினாவுக்கு மனப்பாடம் உதவாது. ஒருமுறை வழங்கியை ஓட்டிப் பார்த்தவருக்கு அது எளிய வினா.